மறுசோறு கேட்ட ஈக்கள்

அன்வர் பாஷாவின் படுக்கையறையில், பீரோவின் மேல், இரண்டு பாட்டில் நிறைய ஈக்கள் இருந்தன. அவற்றுக்காக ஏசியின் ரிமோட் மகள் ரூஹியின் கைக்குப் போயிருந்தது. இருபத்தைந்துக்குக் கீழே போகக்கூடாது என்பது அவள் உத்தரவு.

"எனக்கு வேர்க்குது, அதுக்குக் குளிருதா? இன்னா நியாயம்மா இது?" என்று கேட்டார் அன்வர் பாஷா. பூந்தமல்லி டிரங்க் சாலையில் அவருக்குப் பழக்கடை. ஈ விரட்டுவதிலேயே வாழ்க்கை கழிந்தது என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். "கடையில ஈ ஓட்டினா வியாபாரம் படுத்துச்சுன்னு அர்த்தம். ஊட்டுல ஈ வளர்த்தா இன்னா அர்த்தம்னு நீயே சொல்லு."

"டாக்டர் பட்டம்னு அர்த்தம் அத்தா."

அதற்கு மேல் அவரால் பேச முடியாது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ரூஹி முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்பதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் முதலில் சொல்கிறவர் அவர்தான். எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் மட்டும் மாம்பழத்தின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வியாழக்கிழமை மாலை அந்தப் பாட்டில்களை ரூஹி வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் அவளுடைய அம்மா ரோஷன் பேகம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், அதுவரை கல்லூரிப் பக்கமே போகக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஈக்களை அவ்வளவு நாள் பார்க்காமல் விடமுடியாது. அதனால் தனக்கு மிக முக்கியமான இரண்டு பாட்டில்களை மட்டும் கைப்பைக்குள் வைத்து, ஷேர் ஆட்டோவில் மடியோடு அணைத்தபடி வந்து சேர்ந்தாள்.

மறுநாள் கல்லூரியின் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மே மாத வெயில். சனிக்கிழமை காலை ஈக்கள் இருந்த அறையைத் திறந்தபோது உள்ளே அடுப்புக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்ததாம். ரூஹியின் வழிகாட்டி பேராசிரியை சரசா தொலைபேசியில் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்ணும் மிஞ்சலம்மா. உன் வீட்டுல இருக்கிற ரெண்டு பாட்டில்தான்."

ரூஹி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

பழ ஈயின் மரபணு ஒன்றைத்தான் அவள் வருடக்கணக்கில் துருவிக்கொண்டிருந்தாள். கைனேஸ் என்ற வகை நொதியை உண்டாக்கும் மரபணு அது. உடம்புக்குள் ஒரு செல்லிலிருந்து வரும் செய்தியை வாங்கி, அடுத்த புரதத்தின் மேல் பாஸ்பேட் என்ற சிறு முத்திரையை ஒட்டி அனுப்பிவைப்பது அந்த நொதியின் வேலை. அவள் வளர்த்த ஈக்களில் அந்த மரபணுவின் நடுவே ஒரு வெளித் துண்டு நுழைந்து உட்கார்ந்திருந்தது. அதனால் நொதி உருவாகவில்லை. அந்தத் துண்டிலேயே கண்ணுக்கு நிறம் கொடுக்கும் அடையாளம் இருந்ததால், வெள்ளைக் கண்ணோடு பிறக்கவேண்டிய ஈக்கள் ஆரஞ்சுக் கண்ணோடு பிறந்தன. மரபணுவின் எழுத்துகளை முழுதும் படித்தாகிவிட்டது. அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஈயின் எந்த உறுப்பில் வேலை செய்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. கடைசிச் சோதனை மட்டும் பாக்கி. அந்தத் துண்டை மரபணுவிலிருந்து வெளியேற்றி, ஈ பழையபடி சரியாகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு உயிருள்ள ஈ வேண்டும். உலகத்தில் அந்த ஈக்கள் இப்போது அத்தாவின் பீரோவுக்கு மேலே மட்டும்தான் இருந்தன.

அவையும் நல்ல நிலையில் இல்லை. பாட்டிலின் அடியில் இருந்த உணவைப் புழுக்கள் கிண்டிக் கூழாக்கிவிட்டன. நேற்று இரவு மின்சாரம் வேறு போய்ப் போய் வந்தது. பறக்கிற ஈக்கள் ஒவ்வொன்றாக அந்தக் கூழில் ஒட்டிக்கொண்டு செத்துக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைக்குள் புது உணவுக்கு மாற்றாவிட்டால் அவ்வளவுதான்.

ஈ உணவு ஒன்றும் பெரிய மர்மமில்லை. சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், அவற்றை உறையவைக்கக் கொஞ்சம் அகர். அந்த அகர்தான் இவர்கள் வீட்டில் நோன்பு காலத்தில் தினமும் பாலோடு காய்ச்சும் கடல்பாசி. ஞாயிறு விடிந்ததும் ரூஹி அடுக்களைக்குள் நுழைந்து, அலமாரியில் இருந்த கடல்பாசிப் பாக்கெட்டை முழுக்கக் கொட்டிக் காய்ச்சினாள். கழுவிக் கொதிக்கவைத்த ஊறுகாய்ப் பாட்டில்கள் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்தன. உணவு கொஞ்சம் ஆறினால் ஊற்றிவிடலாம் என்று நினைத்தபோதுதான் ஷாகிதா சாச்சி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். சாச்சி, அன்வர் பாஷாவின் தம்பி மனைவி. அலங்காரம் என்றால் அவள்தான்.

"மூஞ்சில சோளமாவ அப்பிகினு நிக்கிற. அவங்க வர்ற நேரம். போ, குளிச்சிட்டு வா, போ!"

"சாச்சி, அஞ்சு நிமிஷம்..."

"அஞ்சு நிமிஷத்துல ஒரு ஈ பொறக்கும், பொண்ணு அழகாவாது. போ!"

ரூஹி குளிக்கப் போனாள். பிறகு தலை பின்னல், பூ, புடவை மடிப்பு என்று சாச்சி அவளை அறையை விட்டு நகரவே விடவில்லை. ஒரே ஒருமுறை சாச்சி மட்டும் வெளியே போய்வந்தாள்.

அந்த ஒருமுறையில்தான் எல்லாம் நடந்தது. விருந்தாளிக்குக் கடல்பாசி போடவேண்டும் என்று ரோஷன் பேகம் முந்தின நாளே சாச்சியிடம் சொல்லியிருந்தாள். சாச்சி அடுக்களைக்குப் போய் அலமாரியைப் பார்த்தால் பாக்கெட் காலி. மேடையில் பார்த்தால் சட்டி நிறைய வெல்ல நிறத்தில் ஏதோ ஆறிக்கொண்டிருக்கிறது. அக்காவே முடித்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு, தட்டில் ஊற்றி, மேலே முந்திரியைச் சீவித் தூவி, ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினாள். பிரியாணித் தேக்சாவின் அருகிலேயே நின்ற ரோஷன் பேகம், பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, ஷாகிதா சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டாள்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை ஜுல்ஃபிகர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஃபிளாட். அவனுடைய அம்மா சபீனா, கூடவே தாய்மாமா. புதுக்கோட்டைக்காரர்கள். ஒரு தட்டு நிறையப் பழம் கொண்டுவந்திருந்தார்கள். அன்வர் பாஷா சலாம் சொன்ன கையோடு ஆப்பிளைத் தொட்டுப் பார்த்தார்.

"எந்தக் கடையில வாங்குனீங்க?"

"வேலப்பன்சாவடி சிக்னல்ல மாமா" என்றான் ஜுல்ஃபிகர்.

"ஏமாத்திட்டான்."

"பழக்கடைக்காரர் வீட்டுக்கே பழம் கொண்டுவந்தது எங்க தப்புதான்" என்று சிரித்தார் சபீனா.

பிறகு சபீனா உள்ளே வந்து ரூஹியைப் பார்த்தார், கன்னத்தைத் தடவினார், கைபிடித்துக் கூடத்துக்கு அழைத்துவந்தார். "பிள்ளையும் பார்க்கட்டும்தா. இவனுக்காகத்தானே வந்தோம்."

ரூஹி சலாம் சொல்லி நிமிர்ந்தாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கண் அவன் கையில் இருந்த தட்டில் நின்றுவிட்டது.

தட்டில் வில்லை வில்லையாக வெட்டிய பழுப்புக் கடல்பாசி. முந்திரிக்குக் கீழே பொடிப்பொடியாகச் சோளமாவு தெரிந்தது.

"ரொம்ப நல்லாருக்குங்க" என்று ரோஷன் பேகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான் ஜுல்ஃபிகர். "ரெண்டு சாப்பிட்டேன். இன்னொண்ணும் எடுத்துக்கிட்டேன்."

"எங்க பக்கம் பால்ல போடுவோம். இதுல ஒரு பன் ரொட்டி வாசம் வருது, என்ன போட்டீங்க?" என்று சபீனா கேட்டார்.

ரோஷன் பேகம் பெருமையோடு ஷாகிதாவைக் காட்டினாள். ஷாகிதா பெருமையோடு ரோஷன் பேகத்தைக் காட்டினாள்.

சட்டி காலியாகியிருப்பது ரூஹிக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டால் அம்மாவின் மானம் மிஞ்சும். ஆனால் வீட்டில் ஒரு இழை கடல்பாசி இல்லை. இவர்கள் கிளம்பி, கடைக்குப் போய், காய்ச்சி, ஆறவைத்து... அதுவரை பீரோ மேல் அந்தக் கூழில் எத்தனை ஈ மிஞ்சும்? நடுவில் இருந்த பெரிய தட்டில் இன்னும் பாதி இருந்தது. தாய்மாமாவின் கை அதை நோக்கி நீண்டது.

"மாமா, எடுக்காதீங்க!"

மாமாவின் கை நடுவழியில் நின்றது.

"ரூஹி!" என்றாள் ரோஷன் பேகம்.

"அது கடல்பாசி இல்லம்மா. என் ஈக்களோட சாப்பாடு."

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டது அவரவர் முகத்தில் தெரிந்தது. ஷாகிதா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ரோஷன் பேகம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்வர் பாஷா மட்டும், "நான் அப்பவே சொன்னேன், ஊட்டுல ஈ வேணாம்னு" என்றார் மெதுவாக.

ஜுல்ஃபிகர் கையில் இருந்த மூன்றாவது துண்டைப் பார்த்தான். "இதுல... என்னென்ன இருக்கு?"

"சோளமாவு, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி. எல்லாமே சாப்பிடற பொருள்தான். ஈ எதுவும் இன்னும் இதைத் தொடல. சத்தியமா."

"அவ்வளவுதானா? எங்க ஆபீஸ் கேன்டீன்ல இதைவிட மோசமா சாப்பிடறோங்க."

முதலில் சிரித்தவர் சபீனா. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ரெண்டு தின்னுட்டு மூணாவதும் கேட்டிருக்கான் பாருங்க, ஈச் சோறு!" அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்தபடியே ரோஷன் பேகமும் சிரித்தாள், கண்ணில் நீரோடு.

ரூஹி மட்டும் சிரிக்கவில்லை. அதை ஜுல்ஃபிகர் கவனித்தான்.

"ஏதோ அவசரம் போல இருக்கே உங்களுக்கு?"

அவள் சொன்னாள். டிரான்ஸ்ஃபார்மர், வெந்துபோன அறை, பீரோ மேல் இருக்கும் கடைசி இரண்டு பாட்டில், எல்லாவற்றையும்.

"அந்த ஈக்கள்ல அப்படி என்ன விசேஷம்?"

இதைச் சொல்ல அவளுக்கு எப்போதுமே பிடிக்கும். கேட்கிறவர்கள்தான் கிடைப்பதில்லை.

"பந்தியில உட்கார்ந்திருக்கோம்னு வைங்க. வயிறு நிறைஞ்சதும் கையை மறிச்சுப் போதும்னு சொல்றோம். பரிமாறுறவரு அதைப் பார்த்துத் தேக்சாகிட்ட இருக்கிறவருக்குச் சொல்றாரு, அங்க நிறுத்துறாங்க. நடுவுல இருக்கிற அந்த ஆளு லீவு போட்டுட்டா?"

"சோறு வந்துகிட்டே இருக்கும்."

"அதேதான். அந்த ஆளுதான் என்னோட நொதி. இந்த ஈக்கள்கிட்ட அது இல்ல. வயிறு நிறைஞ்சது மூளைக்குத் தெரியாது. தின்னுக்கிட்டே இருக்கும்."

"அட, நம்ம முகமது ஆசிக் மச்சான் மாதிரி" என்றார் தாய்மாமா. ஆசிக் யாரென்று யாரும் கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு ஆசிக் இருந்தார்.

ஜுல்ஃபிகர் எழுந்து நின்றான். தன் தட்டில் இருந்த மூன்றாவது துண்டின் மேல் ஒட்டியிருந்த முந்திரியை விரலால் தட்டிவிட்டு, தட்டை அவளிடம் நீட்டினான். "கடல்பாசியை மறுபடி சூடு பண்ணினா உருகும்தானே? நான் இதைத் தொட்டேன், கடிக்கல."

ரூஹி அவன் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். மீசையின் ஓரத்தில் சோளமாவு ஒட்டியிருந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்தத் தெருவில் அதுதான் முதல்முறை. சபீனா தன் துண்டைக் கொடுத்தார். மாமா யோசித்து, பாதி கடித்ததை வாயிலேயே போட்டுக்கொண்டு முழுசாக இருந்ததைக் கொடுத்தார். ஷாகிதா சாச்சி உட்கார்ந்து ஒவ்வொரு வில்லையிலிருந்தும் முந்திரியைப் பொறுக்கினாள்.

"சாச்சி, ரோஸ் எசன்ஸ் ஊத்தினியா?" ரூஹி ஒரு வில்லையை மூக்கருகில் கொண்டுபோனாள். "ஊத்தியிருந்தா ஈக்கு ஆகாது."

"பாட்டில் காலிம்மா. இருந்தா ஊத்தியிருப்பேன். அதான் வாசமே இல்லேன்னு எனக்கு வருத்தம்..."

ரூஹி அவள் கன்னத்தில் முத்தமிட்டாள்.

சட்டி மறுபடி அடுப்பேறியது. ஊறுகாய்ப் பாட்டில்கள் மாடியிலிருந்து இறங்கின. உருகியதை ஊற்றியதும், சீக்கிரம் உறையவேண்டுமே என்று அன்வர் பாஷா கடைக்கு ஓடி, ஜூஸ் போட வைத்திருந்த ஐஸைக் கூடையோடு தூக்கிவந்தார். பட்டுச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "ஈக்கு ஐஸ் வெக்கிறேன்னு மார்க்கெட்ல தெரிஞ்சா என்னை இன்னான்னு கூப்பிடுவானுங்க?" என்று கேட்டுக்கொண்டே பாட்டில்களைச் சுற்றி ஐஸை அடுக்கினார்.

ஈக்களை மாற்றும் வேலைக்கு இரண்டு கை போதாது. ஆராய்ச்சிக் கூடத்தில் வாய் பொருந்தும் பாட்டில்கள் உண்டு. ஊறுகாய்ப் பாட்டிலின் வாய் அகலம்.

"நான் பிடிக்கட்டுமா?" என்றான் ஜுல்ஃபிகர்.

ரோஷன் பேகம் சபீனாவைப் பார்த்தாள். சபீனா கூரையைப் பார்த்தார்.

"நான் பழைய பாட்டிலை மெத்தையில தட்டுவேன். ஈயெல்லாம் கீழ விழும். அந்த ஒரு நொடியில மூடியை எடுத்துக் கவுப்பேன். நீங்க புதுப் பாட்டிலைக் கீழ பிடிச்சு, ஓரத்தைக் கையால அடைச்சுக்கணும். தாமதமாச்சுன்னா பறந்துடும்."

"சரி."

"கை நடுங்கக் கூடாது."

"இன்டர்வியூல கூட இப்படிக் கேள்வி கேட்டதில்லைங்க."

அவள் தட்டினாள், கவிழ்த்தாள். அவன் கைகள் வட்டமாக மூடிக்கொண்டன. கடுகு தெறிப்பது போல ஈக்கள் புதுப் பாட்டிலுக்குள் விழுந்தன. அவள் பஞ்சை எடுத்து அடைத்தாள். அவள் விரலும் அவன் விரலும் தொடவில்லை. ஆனால் அடுத்த பாட்டிலுக்கு அவள் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு ஈ மட்டும் தப்பித்தது. கூடத்தைச் சுற்றி, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த ஆப்பிளின் மேல் போய் உட்கார்ந்தது. அன்வர் பாஷா பழக்கத்தில் தோள் துண்டை உருவி ஓங்கிவிட்டார். பிறகு அப்படியே நின்றார்.

"அடிக்கலாமா கூடாதா? சீக்கிரம் சொல்லும்மா, கை வலிக்குது!"

அதையும் ஒரு தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தாள் ரூஹி. சபீனா குனிந்து தம்ளருக்குள் பார்த்தார். எள்ளை விடக் கொஞ்சம் பெரிய உடம்பு, நெற்றியின் இருபுறமும் பொட்டு வைத்தாற்போல ஆரஞ்சு.

"அல்லாஹ், என்ன அழகு!" என்றார். பிறகு நிமிர்ந்து ரோஷன் பேகத்திடம், "வழக்கம்னா ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பணும். எனக்கு அதுக்கெல்லாம் பொறுமை இல்ல. எங்களுக்குச் சம்மதம். பொண்ணு என்ன சொல்லுது?"

எல்லாரும் ரூஹியைப் பார்த்தார்கள். அவள் பாட்டில்களைப் பார்த்தாள்.

"இதுங்க பிழைக்குமான்னே எனக்கு இன்னும் தெரியல. என் மனசு முழுக்க இதுக்குள்ள கெடக்கு. இப்ப நான் சொன்னா அது நல்ல பதிலா இருக்காது. இதுங்களோட குஞ்சு வெளிய வரட்டுமே? பத்துப் பன்னிரண்டு நாள். அப்ப சொல்றேன்."

ரோஷன் பேகத்துக்கு மறுபடி சுவர் தேவைப்பட்டது. ஆனால் ஜுல்ஃபிகர் தலையாட்டினான்.

"சரிங்க. ஈ பொறந்த பிறகு."

அந்த நாட்களில் அவன் அவளை ஒருமுறைகூடத் தொலைபேசியில் அழைக்கவில்லை. அழைத்தால் அவசரப்படுத்துவதாக ஆகிவிடும் என்று நினைத்தானாம். ஆனால் வேலை முடிந்து தினமும் அம்பத்தூரிலிருந்து அயனம்பாக்கத்துக்குப் போகாமல், சுற்றிக்கொண்டு பூந்தமல்லிக்கு வந்து, அன்வர் பாஷாவிடம் வாழைப்பழம் வாங்கினான். "எப்படி இருக்காங்க?" என்று கேட்பான். யாரை என்று அவன் சொல்வதில்லை. அன்வர் பாஷா, "புழு வந்திச்சு" என்பார். அடுத்த நாள், "நல்லா கொழுகொழுன்னு கீது" என்பார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் புலம்பினார்.

"தினம் ஒரு சீப்பு வாங்கிகினு போறாரு. அந்த ஃபிளாட்டுல கொரங்கு கிரங்கு வளர்க்குறாரா?"

அறைக்குள் இருந்த ரூஹி இதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு பாட்டிலின் அருகே உட்கார்ந்து, எதை நினைத்துச் சிரித்தோம் என்று யோசித்தாள். மனசு முழுக்கப் பாட்டிலுக்குள் இல்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் சொன்ன சொல்லை அவள் மாற்றவில்லை.

புழுக்கள் கண்ணாடிச் சுவரில் ஏறிக் கூடாகின. முதலில் வெள்ளை, பிறகு தேன் நிறம், பிறகு பழுப்பு. ஒரு காலையில் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, ஒரு கூட்டின் மெல்லிய தோலுக்குள் இரண்டு புள்ளிகள் மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தன. அதற்கு அடுத்த கூட்டிலும். அதற்கு அடுத்ததிலும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்வரிசையில் ஒரு கூட்டின் மூடி திறந்தது. ஈரமாக, சிறகு சுருண்டு, ஒன்று தலையை நீட்டியது.

அவள் முதலில் சரசா மேடத்தைத்தான் அழைத்திருக்கவேண்டும்.

"வெளிய வந்துடுச்சு" என்றாள்.

மறுமுனையில் ஜுல்ஃபிகர் முதலில் கேட்டது, "கண்ணு?"

"ஆரஞ்சு."

"நல்லா இருக்காங்களா?"

"வந்த உடனே சாப்பாட்டைத் தேடுது. நம்ம ஈதான், சந்தேகமே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் சம்மதம்" என்றாள்.

கல்லூரியில் மின்சாரம் சரியாகி, கடைசிச் சோதனை முடிய மழைக்காலம் வந்துவிட்டது. நீலச் சாயம் கலந்த உணவைக் கொடுத்தால் ஈ எவ்வளவு தின்றது என்பது வயிற்றில் தெரியும். ஆரஞ்சுக் கண் ஈக்களின் வயிறு நீலப் பலூன் போல ஊதிக் கிடந்தது. அந்தத் துண்டு வெளியேறிய ஈக்களுக்குக் கண் மறுபடி வெள்ளையானது. அவை கொஞ்சம் தின்றன, வாயைத் துடைத்துக்கொண்டன, நகர்ந்துபோயின. வயிற்றில் சின்னதாக ஒரு நீலக் கோடு. நொதி வேலைக்குத் திரும்பிவிட்டது.

"பெயர் வைக்கணும்மா" என்றார் சரசா மேடம். மரபணு கெட்டுப்போனால் ஈ எப்படி ஆகிறதோ அதை வைத்தே பெயரிடுவது ஈ ஆராய்ச்சிக்காரர்களின் பழக்கம். "நல்லா யோசிச்சுச் சொல்லு. காலத்துக்கும் நிக்கும்."

ரூஹி யோசிக்கவே இல்லை. "மறுசோறு."

மேடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு அப்படியே தட்டச்சு செய்தார்.

அன்று மாலை அவள் நேராகக் கடைக்குப் போனாள். ஜுல்ஃபிகர் வழக்கம்போல வாழைப்பழச் சீப்போடு நின்றிருந்தான். நிக்காஹுக்கு இன்னும் சில வாரங்கள்தான். விஷயத்தைச் சொன்னதும் அன்வர் பாஷா, பழம் வாங்க வந்திருந்த யாரோ ஒருவரிடம் திரும்பி, "எம்பொண்ணு ஈக்கு மறுசோறுன்னு பேரு வெச்சிருக்கு" என்றார். இந்தமுறை அவர் மாம்பழத்தின் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா ஒண்ணு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க" என்றான் ஜுல்ஃபிகர். "கல்யாணத்துக்கு அதே கடல்பாசி கிடைக்குமான்னு."

"கிடைக்கும். எத்தனை துண்டு?"

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்."

"அன்னிக்கு ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதுலேர்ந்து ஆரம்பிங்க."

அன்வர் பாஷா தோள் துண்டை உருவி, கொய்யாப்பழக் கூடையை மொய்த்த ஈக்களை விரட்டப் போனார். பாதியில் நிறுத்தி, குனிந்து, அவற்றின் கண்ணை ஒருமுறை உற்றுப் பார்த்தார். சிவப்புதான். நிம்மதியாக விரட்டினார்.